ஆறு மணிக்கு அடைக்கும் கடை

முடியாது என்று சொல்ல பூமாரிக்கு வராது. சங்கரன்கோவிலில் ரத வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில், வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து டிசைன் கடை நடத்தினாள். கல்யாணப் பத்திரிகை, சடங்கு வீட்டு பேனர், கடைத் திறப்பு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வாள். மற்ற கடைகளில் நெட்டில் கிடைக்கும் பூவையும் மயிலையும் எடுத்து ஒட்டிக் கொடுத்தார்கள். பூமாரி பத்திரிகையின் ஓரக்கரையைக்கூடத் தானே வரைவாள். அதனால் வாசுதேவநல்லூர், ராயகிரியிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள்.

வந்தவர்கள் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கேதான் வினை. சோறு வடிக்கும்போது போன் வரும். குளித்துவிட்டு வந்தால் வாட்ஸப்பில் வரிசையாகக் கிடக்கும். “அக்கா, சின்ன மாத்தம்தான்.” “எங்க ரெண்டாவது மாமா பேரு விட்டுப்போச்சு.” “பெரியப்பா பேரு சித்தப்பா பேருக்குக் கீழ வந்துட்டு, சண்டைக்கு நிக்காவ.” மகள் அபிதாவின் பள்ளியில் ஆசிரியையின் முன்னால் உட்கார்ந்துகொண்டே போனில் எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறாள். அபிதா அன்று வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கின. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி அறுபதாம் கல்யாணத்துக்கு பேனர் சொல்லியிருந்தார். முதலில் பச்சைப் பின்னணி கேட்டார், பிறகு சிவப்பு, பிறகு மறுபடியும் பச்சை. போட்டோவையும் பல தடவை மாற்றி அனுப்பினார்.

ஒரு சாயங்காலம் அவருடைய பேனரில் கை வைத்திருந்தபோது குருவிகுளத்திலிருந்து லிங்கேஷ் என்ற பையன் போன் செய்தான். அவனுடைய அப்பா இறந்துவிட்டார். சங்கரன்கோவில் மார்க்கெட்டில் வருஷக்கணக்காக மிளகாய் வியாபாரம் பார்த்தவர். மார்க்கெட் பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி கட்ட வேண்டும்.

“முடிச்சுட்டு ஒனக்கு அனுப்புதேன் தம்பி. ஒரு தடவ பாத்துக்க.”

“பாக்க நேரமில்லக்கா. நேரா பிரஸ்ஸுக்கு அனுப்பிருங்க.”

அடுப்பில் குழம்பு கொதித்தது. இன்னொரு போனில் யாரோ பத்திரிகைக்கு வாசகம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முந்தைய வாரம் முழுக்க அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை, கண் எரிந்தது. லிங்கேஷ் அனுப்பிய அப்பா போட்டோவும் அண்ணாச்சி போட்டோவும் திரையில் அடுத்தடுத்துக் கிடந்தன. இரண்டு பேருக்கும் வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, திருநீறு. ஒன்றை எடுத்து அஞ்சலியில் வைத்தாள், பிரஸ்ஸுக்கு அனுப்பினாள், குழம்பை இறக்கப் போனாள்.

மறுநாள் காலையில் காந்திமதியம்மாள் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். வாசலில் தன் வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியனின் படம் பெரிதாக நின்றது. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருந்தது. அவரை வீட்டில் பேப்பர் படிக்க விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். ஆனாலும் அலறிவிட்டார். வெங்காயக் கடைக்காரர்கள்தான் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பேனரைக் கழற்றுவதற்குள் பாதி ஊர் பார்த்துவிட்டது. அண்ணாச்சி சந்தில் நின்று கத்தினார். “ஏம்மா, நான் செத்தத எனக்கே சொல்லாம ஊருக்குச் சொல்லிட்டியே! ராயகிரில இருந்து எம் மச்சினன் மாலையோட பஸ் ஏறிட்டான், தெரியுமா?” கேட்டு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பூமாரிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மத்தியானம் கணவன் மகாராஜனின் வண்டியில் குருவிகுளம் போனாள். லிங்கேஷ் திட்டுவான் என்று நினைத்திருந்தாள். அவன் பந்தலுக்கு வெளியே வந்து நின்றான், முகம் வீங்கியிருந்தது.

“அப்பா போட்டோ எடுக்கவே விடமாட்டாரு. இருக்கதே அந்த ஒண்ணுதான். மார்க்கெட்ல எல்லாரும் கடைசியா அவரப் பாக்கட்டும்னு நெனச்சேன்” என்றான். பிறகு, “பாக்காம அனுப்பச் சொன்னது நாந்தானக்கா. நீங்க போங்க” என்றான்.

திரும்பி வரும்போது, அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: “இனிமே ஆறு மணிக்குக் கடைய அடச்சிருவேன். ஞாயித்துக்கெழம கிடையாது. போன் கடைக்குள்ளயே கெடக்கட்டும்.”

மகாராஜன் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா வாரவுக வேற கடைக்குப் போயிருவாவளே.”

“போட்டும்.”

“எழவு வீட்டுக்காரங்க வந்தா?”

அதற்கு அவள் யோசித்தாள். “அவுகளுக்கு மட்டும் எப்பன்னாலும் செய்வேன். ஆனா பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான் பிரஸ்ஸுக்குப் போவணும்.”

மறுநாளே கதவில் எழுதி ஒட்டினாள். காலை பத்து முதல் மாலை ஆறு. திருத்தம் இரண்டு முறை மட்டும். பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. படித்துவிட்டுப் பலர் சிரித்தார்கள். “இது என்ன கவர்மென்ட் ஆபீஸா?” என்று கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அச்சாரம் பேசியிருந்த ஒருவர் அப்படியே திரும்பிப் போனார். பூமாரி அவரைக் கூப்பிட வாய் எடுத்தாள், பிறகு கூப்பிடவில்லை.

அந்த வாரமே, கடையை அடைத்து அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி நின்றார். அவ்வளவு கத்தியும் அவர் பேனரை வேறு கடைக்கு மாற்றியிருக்கவில்லை.

“பேனர்ல மச்சினன் பேரு விட்டுப்போச்சும்மா. ஒரு பேருதான. சேத்து இப்பமே பிரஸ்ஸுக்கு அனுப்பிரு.”

“காலைல பத்து மணிக்கு வாங்க அண்ணாச்சி. மொத வேலயா செஞ்சு தாரேன்.”

“நாளான்னிக்கு விசேஷம். என்னையக் கொன்னவ நீ, ஒரு பேரு சேக்க மாட்டியா?”

அது சுருக்கென்று பட்டது. கை ஈரத்தோடு சாவியைத் தேடிப் போனாள், பாதி வழியில் நின்றாள். இந்நேரம் உட்கார்ந்தால் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

“அதுக்காவத்தான் அண்ணாச்சி முடியாதுங்கேன். காலைலருந்து உக்காந்து தல நிக்கல. இப்பத் தொட்டா இன்னொரு தப்பு வரும். உங்க விசேஷத்துல அது வேண்டாம்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ரொம்பத்தான் பெரியாளாயிட்ட” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்குப் பூமாரி சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வரவில்லை. வேறு கடையில் செய்துகொண்டார். விசேஷத்தன்று பூமாரி பஸ்ஸில் போகும்போது மண்டப வாசலில் அந்த பேனரைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் நெருக்கியடித்து, மச்சினன் பேர் ஓரத்தில் கிடந்தது. அண்ணாச்சியும் காந்திமதியம்மாளும் மாலையோடு அதன் அடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் தெரிந்த மாதிரி இல்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

புரட்டாசியில் வேலை குறைந்தது. அந்த மாதத்தில் எப்போதும் குறையும்தான். இந்தத் தடவை கூடுதலாகக் குறைந்தது. இருந்தவர்கள் நேரத்துக்கு வரப் பழகினார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேர்களை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். பூமாரி ஒரு பத்திரிகைக்குக் கோவைக்கொடி ஒன்றை அவசரமில்லாமல் வரைந்து முடித்தாள். ஆனாலும் அசதி விட்டபாடில்லை. வருஷக்கணக்கில் ஏறியது சில வாரத்தில் இறங்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறையில் அபிதாவின் பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள். அரைத்தூக்கத்தில் வாசலில் ஏதோ பேச்சுக் கேட்டது. யாரோ அவசரமாக ஒரு நோட்டீஸ் வேண்டும் என்றார்கள். எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

“எழவு காரியமா?” என்று மகாராஜன் கேட்டான்.

“இல்லண்ணே, கடை திறப்பு.”

“அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. இன்னைக்கு அவ பாக்க மாட்டா.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூமாரி மறுபடியும் தலையைச் சாய்த்தாள். அபிதா தூக்கத்தில் புரண்டு அவள்மேல் காலைப் போட்டாள்.