தமயந்தியின் சின்னதும் முட்டையில்லாத முட்டை பிஸ்கட்டும்

எங்கள் ஊரில் எல்லோருடைய சிறுவயதும் அவரவர் வீட்டிலேயே குடியிருக்கிறது. வளர்ந்துவிட்டோம் என்பதற்காக யாரும் அதை வெளியே துரத்துவதில்லை. அதற்கென்று ஒரு பாய், ஒரு தலையணை, பரணுக்கு அடியில் ஓர் இடம், சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வயதில் எதைத் தின்றதோ அதில் கொஞ்சம். அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. ஊரில் அதைச் ‘சின்னது’ என்பார்கள். உங்கள் சின்னது எங்கள் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது என்று யாராவது வந்து சொன்னால், சொந்தக்காரர் போய் இறக்கிக் கூட்டிவர வேண்டியது.

நாலு மணித் தீனி தவறினாலோ பிடிக்காமல் போனாலோ சின்னது அடுத்த வீட்டுக்குப் போகும். போகட்டும், வரட்டும், அதில் தப்பில்லை. ஆனால் பாயைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டால் போனதுதான். அதற்குப் பிறகு அது அந்த வீட்டுச் சின்னது. பஞ்சாயத்துப் பேசிப் பயனில்லை.

தமயந்தி பால் சொசைட்டியில் பாலின் தரம் பார்க்கிறவள். அவளுடைய சின்னதுக்கு எட்டு வயது. அது தின்பது முட்டை பிஸ்கட். பொத்தான் அளவில், மஞ்சளாக, நடுவில் கொஞ்சம் உப்பிக்கொண்டு, பேருந்து நிலையத்து பேக்கரியில் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தருவார்களே, அது. முட்டை, வெண்ணெய், பால் மூன்றும் சேர்ந்தது. இத்தனை வருடமாக ஒரு வம்பும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சித்திரையில் தமயந்தி பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடாத வீகனாக மாறினாள்.

ஏன் என்று கேட்டவர்களிடம், தோன்றியது, மாறிவிட்டேன் என்றாள். அவளுடைய கணவர் ஈஸ்வரமூர்த்தி, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர், டீக்கடையில் அதைச் சைவத்துக்கும் மேலே ஒரு சைவம் என்று விளக்கிவிட்டு, தன் டீயில் பாலைக் கூடுதலாக ஊற்றச் சொன்னார். சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்கள், பாலே குடிக்காதவள் பாலின் தரத்தை எப்படிப் பார்ப்பாள் என்று முணுமுணுத்தார்கள். பாலை அளக்கிற பால்மானியும்தான் பால் குடிப்பதில்லை என்று தமயந்தி சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அடங்காதது சின்னதுதான். நீ தின்னாமல் இரு, அதற்கு மட்டும் வாங்கிப் போடு என்றார் ஈஸ்வரமூர்த்தி. அது வேறு யாரோ அல்ல, நான்தான், அது தின்றால் நான் தின்ற கணக்குத்தானே என்றாள் தமயந்தி. அது ஈஸ்வரமூர்த்திக்கும் தெரியும். அவருடைய சின்னது தன் தீனியான மொறுமொறு வர்க்கியை அளவுக்கு மீறித் தின்னும் நாட்களில் வயிறு உப்பிக்கொண்டு புரளுவது அவர்தான்.

ஆகவே தமயந்தி ஓர் ஓவன் வாங்கினாள். முதல் தடவை வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால், முட்டைக்குப் பதில் பிசைந்த வாழைப்பழம். சின்னது முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றுவிட்டு விளையாடப் போனது. மறுநாள் காலையில் தமயந்தி மூன்றாம் வகுப்பை நாகர்கோவிலில் படித்திருந்தாள். சின்னது எதைத் தின்கிறதோ அதைத்தான் நாம் அந்த வயதில் தின்றிருப்போம். தேங்காய் எண்ணெயில் சுட்டதைத் தின்றது என்றால், அது புழங்கும் ஓர் ஊரில் உட்கார்ந்து தின்றிருக்க வேண்டும் அல்லவா. நாகர்கோவில் பள்ளி ஒன்றின் பழைய மாணவிகள் அவளைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஸெலின் என்றொருத்தி, கிணற்றுச் சுவரில் விழுந்து அடிபட்ட முழங்கால் ஆறிவிட்டதா என்று விசாரித்தாள். தமயந்தி சேலையை விலக்கிப் பார்த்தாள். ஆறியிருந்தது. நல்லபடியாக ஆறிவிட்டதாகப் பதில் போட்டாள்.

அடுத்த தடவை கடலை எண்ணெய் ஊற்றி, முட்டைக்கு ஆளி விதையை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தாள். இந்தத் தடவை நாகர்கோவில் மறைந்து, அதற்குப் பதில் காங்கேயத்தில் செக்கு வைத்திருக்கும் ஓர் அண்ணன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியில் எண்ணெயோடு நேரிலேயே வந்து இறங்கினார். தங்கையை இப்படி இளைக்க விட்டிருக்கிறீர்களே என்று ஈஸ்வரமூர்த்தியை ஒரு பிடி பிடித்துவிட்டு, உரிமையோடு இலை போடச் சொல்லிச் சாப்பிட்டுப் போனார். எண்ணெயை மாற்றிய அன்றே அவர் இல்லாமல் போனார். தூக்குவாளி மட்டும் அடுக்களையில் நின்றது. தமயந்திக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாமல் வளர்ந்தவள் அவள், அப்படி ஓர் அண்ணன் இருந்திருக்கலாம்.

இவள் இப்படி மாற்றி மாற்றிச் சுட்டுக்கொண்டிருந்த நாட்களில், சின்னது சத்தமில்லாமல் சுவர் ஏறிக் குதிக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டில் நாச்சிமுத்து இருந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் வந்து டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னபோது, அவருடைய சின்னது கோபித்துக்கொண்டு பாயோடு திருப்பூருக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பனியன் கம்பெனி முதலாளி வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அந்த முதலாளி இப்போது ஆபீஸ் நேரத்தில் பம்பரம் விடுகிறாராம். சின்னது இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நாச்சிமுத்துவைப் பார்த்தால் தெரியும். விமானம் போனால் எல்லோரும் எதற்காக அண்ணாந்து பார்க்கிறார்கள் என்பது அவருக்கு விளங்காது. மழை பெய்தால் குடையை மட்டும் விரிப்பார்.

அந்த மனிதர் அசல் முட்டை பிஸ்கட் வாங்கிச் சுவர் மேல் வைத்துக்கொண்டு நாலு மணிக்கு உட்கார்ந்திருந்தார். பாவம், அவரைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது.

நாலு மணியானால் சொசைட்டியில் பால்மானியைக் கையில் பிடித்திருக்கும் தமயந்தியின் நாக்கில் வெண்ணெய் வழுக்கியது. அவள் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். சொசைட்டியில் யாரும் எதுவும் கேட்கவில்லை, வீட்டில் யார் என்ன தின்கிறார்கள் என்பது அவரவர் சமாச்சாரம். ஒருநாள் டீக்கடையில் நாச்சிமுத்து, தான் மூன்றாம் வகுப்பில் ரெட்டைச் சடை போட்டு நீல ரிப்பன் கட்டிக்கொண்டு போனதையும், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடி முதல் பரிசு வாங்கியதையும் நிதானமாகச் சொன்னார். கூட இருந்தவர்கள் பரிசாக என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். சோப்பு டப்பா என்றார்.

அதே சாயங்காலம் தமயந்தியின் தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது. வீதியில் எல்லோரும் அண்ணாந்தார்கள். தமயந்தி சுருக்குப் பையில் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கிய பிறகுதான் தான் நிமிரவே இல்லை என்பது உறைத்தது. அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

நேரே நாச்சிமுத்து வீட்டுக்குப் போனாள்.

“ஏனுங்ணா, எங்க சின்னதுக்கு நீங்க பிஸ்கட் குடுக்காதீங்க.”

“நான் கூப்புடல அம்மணி. அதா வருது. வந்த புள்ளைய வெறும் வாயோட அனுப்பச் சொல்றியா?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தன வருசமா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. இப்பத்தான் கொஞ்சம் ரிப்பன் ஞாபகம் வருது. அதையும் புடுங்கிக்காத அம்மணி.”

அவளுக்கு அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து மாவைச் சலித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. முந்திரியை ஊறவைத்து வெண்ணெய் போல மழமழவென்று அரைத்தாள். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்டவிட்டு, ஆறிய பிறகு அடித்தாள். அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரியே பொங்கி நின்றது. நிறத்துக்குத் துளி மஞ்சள். முட்டை வாசத்துக்குக் கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை. ஓவனைத் திறந்தபோது வீதி முனை வரைக்கும் மணத்தது. அதே பொத்தான், அதே மஞ்சள், நடுவில் அதே உப்பல். ஈஸ்வரமூர்த்தி தின்று பார்த்துவிட்டு, மனது மாறி முட்டையே போட்டுவிட்டாயா என்று கேட்டார். வர்க்கியைத் தவிர எதையும் தொடாத அவருடைய சின்னது, ஆளில்லாத நேரம் பார்த்து இரண்டு எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டது.

தமயந்தி தன் சின்னதைக் கூப்பிட்டு அடுக்களைப் படியில் உட்காரவைத்தாள். அது ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றது.

“எப்படி இருக்குது?”

“நல்லாருக்குது.”

“அந்த ருசிதானே?”

“அதே ருசிதான். ஆனா இது நான் தின்னதில்ல.”

“ருசி ஒண்ணுன்னா அப்புறம் என்ன?”

“ஒண்ணுதான். நான் தின்னதில்ல, அவ்வளவுதான்.”

அந்தப் பிடிவாதத்தின் ஆழம் தமயந்திக்குத் தெரியும், அது அவளுடையதுதானே. சின்னது எழுந்து போய்ப் பரணுக்கு அடியிலிருந்து பாயை எடுத்துச் சுருட்டியது. சுருட்டும்போது அழவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. சுவர் மேல் முதலில் பாயை வைத்தது, பிறகு தானும் ஏறியது. தமயந்தி வாசலில் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் யாரோ கூட்டிப் பெருக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. தனக்கு எட்டு வயதானபோது அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள், வரவில்லை. அதற்காக அழலாம் என்று நினைத்தாள், ஆனால் எதை இழந்தோம் என்பதே கலங்கலாக இருந்தது.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு ஒரு கிழவி வந்தாள். கையில் மஞ்சள் பை, இடது காதோரம் தமயந்திக்கு இருக்கிற அதே மச்சம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தமயந்தியின் முதுமை, ஊர்ப் பேச்சில் ‘பெரியது’. எங்கள் ஊரில் பெரியதும் வீட்டுக்கு வரும்தான், ஆனால் அதற்கென்று காலம் உண்டு. இது ரொம்ப வருடம் முன்னதாகவே வந்துவிட்டது.

“வாசம் அடிச்சுது. பாதி வழியிலயே எறங்கிட்டேன்” என்று சொல்லிப் பெரியது படியில் உட்கார்ந்தது.

தமயந்தி டப்பாவை நீட்டினாள். பெரியது ஒன்றை எடுத்து முன்பல்லால் உடைத்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

“இதேதான். இத எங்கெங்கயோ தேடிட்டேன் கண்ணு, ஒரு பக்கமும் கிடைக்கல. நாப்பத்தஞ்சு வயசுல, இப்ப உன்ற வயசுல தின்னது. அதுக்கப்புறம் யாரு இந்தப் பக்குவத்துல சுடறா?”

அது டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்று முடியும் முன்னே அடுத்ததை எடுத்தது. தின்னத் தின்ன முகம் தெளிந்தது. சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. சின்னதுதான்.

“அது யாரு?”

“நான்தான்” என்றாள் தமயந்தி.

“எதுக்கு என் டப்பாவுல கைய விடுது?”

“உனக்குத்தான் வேண்டாமே” என்றது பெரியது, மென்றுகொண்டே.

“வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. தின்னதில்லன்னுதான் சொன்னேன்.”

பாய் முதலில் விழுந்தது, பின்னாலேயே சின்னது குதித்தது. நேராக வந்து டப்பாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தது. பெரியது மறு பக்கத்தை விடவில்லை. இரண்டும் மாறி மாறி இழுத்தன, வைதன. இரண்டு பக்கமும் தானே என்பதால் யாருக்குப் பரிந்து பேசுவது என்று தமயந்திக்குப் புரியவில்லை. கடைசியில் சின்னது கைக்குச் சிக்கியதையெல்லாம் வாயில் திணித்துக்கொண்டது. அந்த வாயைப் பார்த்ததும் அம்மாவின் சிரிப்பு, கடைவாய்ப் பல்லில் ஒன்று இல்லாத அந்தச் சிரிப்பு, தமயந்திக்குப் பளிச்சென்று வந்துவிட்டது. அப்போதுதான் அவள் அழுதாள்.

நாச்சிமுத்துவையும் விட்டுவிட மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னது பாய் இல்லாமல் அவர் வீட்டுக்கு விளையாடப் போகலாம், ரிப்பன் ஞாபகத்தை அவரே வைத்துக்கொள்ளலாம், தீனி மட்டும் இங்கிருந்துதான் போகும் என்று பேசி முடித்தாள். சோப்பு டப்பாவையும் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டார். சரி என்றாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், தமயந்தி, சின்னது, பெரியது மூவரும் வாசலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது, கேட்டை ஏதோ முட்டியது. வடக்கு வீதிச் சாமியப்பனின் எருமை தினமும் சொசைட்டிக்குப் பால் தருவது, அது கன்றாக இருந்த வயதின் சின்னது வந்து நின்றது. கால்கள் குச்சியாக, காது மட்டும் பெரிதாக இருந்தது. அது அந்த வயதில் எதைத் தின்றது என்று கேட்கச் சொன்னாள் தமயந்தி. அவளுடைய சின்னது எழுந்து போய், அதன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசிவிட்டு வந்தது.

“ஒண்ணும் இல்லியாம். அதோட அம்மா பால் எல்லாம் சொசைட்டிக்குப் போயிருச்சாம்.”

“அப்ப என்ன ருசியில செய்யறதாம்?”

“ருசி தெரியாதாம். நீ எதைக் குடுத்தாலும் இதேதான்னு சொல்லுமாம்.”

தமயந்தி கேட்டைத் திறந்து அதை உள்ளே விட்டாள். பிறகு, அந்த வாய்க்குத் தோதான அகலத்தில் ஒரு தட்டு தேடி உள்ளே போனாள்.