தச்சருக்குப் பிடித்த பலகாரம்

அந்த இல்லத்துச் சமையல்காரருக்கு எல்லாரும் வைத்த பெயர் 'உலகம்'. கப்பலிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்து, திரும்பிப் போக ஊர் என்று ஒன்று இல்லாமல் போனவர்கள் தங்கும் இடம் அது. ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு நாக்கு. வெள்ளிக்கிழமைதோறும் மதியம் யாராவது ஒருவருடைய ஊர்ப் பலகாரத்தைச் செய்து மேசையில் வைப்பது என்று உலகம் தானாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார். சோள மாவைச் சோளத் தோகையிலேயே சுருட்டி வேகவைப்பார். கடல்பாசி சுற்றிச் சோற்று உருண்டை பிடிப்பார். பேரீச்சம்பழத்தை மசித்து உள்ளே வைத்து, மர அச்சில் தட்டி, வாயில் போட்டதும் உதிர்கிற பிஸ்கட் சுடுவார். பழைய மாலுமிகள் கண்கலங்கிச் சாப்பிடுவார்கள். அந்தக் கண்கலங்கலுக்குத்தான் மனிதர் அடிமை. யாராவது ருசி என்று சொன்னால் சும்மா சிரித்து வைப்பார். அழுதுவிட்டால் போதும், அன்றைக்குத் தலைகால் புரியாது.

அவருக்கு வசப்படாதவர் ஒருவர்தான், ஜன்னலோரக் கட்டில்காரர். ஒரு காலத்தில் கப்பல் தச்சர். பக்கவாதம் வந்த பிறகு, பிழைக்க வந்த இடத்தில் கற்ற மொழியெல்லாம் அவருக்குக் கழன்று போய்விட்டது. பிறந்த மொழி மட்டும்தான் மிச்சம். அதைப் பேச இல்லத்தில் வேறு ஆள் கிடையாது. எதை வைத்தாலும் சாப்பிடுவார், தலையை ஆட்டுவார், தட்டைத் தள்ளி வைப்பார். சிஸ்டர் ஊசி போட்டாலும் அதே தலையாட்டல்தான்.

"என் சமையலும் உங்க ஊசியும் ஒண்ணா சிஸ்டர்?" என்று உலகம் பொருமுவார்.

"ஊசி கொஞ்சம் பரவாயில்ல போல," என்பாள் அவள்.

விட்டாரா? கைபேசியில் உலகப் பாரம்பரியப் பலகாரங்கள் என்று தேடித் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். கடைசியில் தச்சருடைய தேசத்திலிருந்து ஒரு பெண் செய்து காட்டும் கறுப்பு ரொட்டி அகப்பட்டது. பஞ்சத்தில் பிறந்த பலகாரமாக்கும் இது என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, முட்டையும் சர்க்கரையும் சேர்த்தாள். மேலே பாலாடை வேறு. உலகத்துக்கு அது பிடிக்கவில்லை. பஞ்சத்தில் முட்டை ஏது, சர்க்கரை ஏது? அசல் என்றால் அசலாக இருக்க வேண்டாமா? இன்னும் தோண்டினார். தவிடு, உலர்ந்த கிழங்குத் தோல், கசப்பு போகாத காட்டுக்கொட்டைப் பொடி, உப்புகூடக் கிடையாது என்று ஒரு பழைய செய்முறை கிடைத்தது. மனிதருக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம்.

தவிடு கேட்டுப் போன கடையில், "எத்தனை மாடு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். அந்தக் கேள்வியாவது அவர் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, தட்டில் கறுப்பு ரொட்டியை வைத்துத் தச்சர் முன்னால் நீட்டினார். தச்சர் முதலில் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். பிறகு உலகத்தை நிமிர்ந்து பார்த்தார், தலையாட்டாமல், வெகுநேரம். விளிம்பில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். தாரைதாரையாகக் கண்ணீர் வழிந்தது.

அவ்வளவுதான், உலகம் கூடத்தையே கூட்டிவிட்டார். "பாத்தீங்களா! அழறார் பாத்தீங்களா!" ஒரு துண்டைத் தன் கையாலேயே ஊட்டிவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள், அது வாசல் பலகையில் ஏறியது. தச்சர் பாதியைப் பிட்டுப் பக்கத்துக் கட்டில்காரருக்கு நீட்டினார். உலகத்தின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். இதைவிட ஒரு சமையல்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு வெள்ளிக்கிழமை என்றால் தச்சருக்குக் கறுப்பு ரொட்டி என்றாகிவிட்டது. மற்றவர்களுக்கு எதுவோ, அவருக்கு அதுதான். ஒருநாள் படுக்கை மாற்றும்போது தலையணைக்கடியில் துணியில் சுற்றிய ரொட்டித் துண்டுகள் கிடைத்தன. சிஸ்டர் அவற்றை அப்படியே சமையலறைக்கு எடுத்துவந்தாள்.

"இதைப் பாருங்க. மத்த நாள் சாப்பாட்டையும் பாதிதான் சாப்பிடறார். இளைச்சுட்டே வரார். இந்த ரொட்டிய கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாமா?"

"உங்களுக்கு வயித்தெரிச்சல்! பொக்கிஷம் மாதிரி பத்திரப்படுத்தி வெச்சிருக்கார் மனுஷன். நிறுத்தறதாம்!"

அடுத்த வாரம் இரண்டாகச் சுட்டார்.

தச்சரின் மகள் வேறு நகரத்தில் வேலை பார்ப்பவள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வாரம் ஒருமுறை அப்பாவோடு போனில் அவர் மொழியில் பேசுவாள். நேரில் வருவது அபூர்வம். அன்று சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கனத்த பைகளோடு வந்து இறங்கினாள். வாசல் பலகையில் இருந்த படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதை யார் செஞ்சாங்க?"

உலகம் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் ஆயிரம் விளக்கு. "நான்தாம்மா. உங்கப்பாவுக்கு உயிர் இதுன்னா. சர்க்கரைகூடப் போடல, அசல் முறை."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை என்று பிறகு தோன்றியது அவருக்கு.

"அண்ணா, இது பலகாரம் இல்ல. எங்கப்பா சின்னப் பையனா இருக்கும்போது போர் வந்து, ஊர்ல சாப்பிட எதுவுமே இல்ல. மாட்டுத் தீவனத்துல இதைச் சுட்டுத் தின்னுதான் ஒரு குளிர்காலத்தைக் கழிச்சாங்க. அவரோட தங்கச்சிக்கு இது ஒத்துக்கல. குட்டிப் பொண்ணு. வயிறு வீங்கிச் செத்துப்போயிட்டா."

உலகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பஞ்சத்தில் பிறந்த பலகாரம் என்று தன் காதால் கேட்டிருந்தார். கேட்டுவிட்டு, ஆகா எவ்வளவு பழமை என்று மகிழ்ந்தும் இருந்தார். அந்தச் சொல்லுக்குள் மனிதர்கள் இருந்திருப்பார்கள் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லையே! தன் கையாலேயே அல்லவா ஊட்டினார்? ஊரைக் கூட்டிக் கைதட்ட அல்லவா வைத்தார்?

"வேண்டாம்னு தள்ளியிருக்கலாமேம்மா," என்றார்.

"தள்ள மாட்டார். ஒருத்தர் இதை வைக்கிறார்னா அவர்கிட்ட வேற எதுவும் இல்லைன்னு அர்த்தம். நேத்து போன்ல அப்பா சொன்னார், இங்க சாப்பாடு தீர்ந்துபோச்சாம், மத்த நாள் வர்றதும் மிச்சம் மீதிதானாம். எல்லாரும் பசியில இருக்காங்களாம். சமையல்காரர் ரொம்ப நல்ல மனுஷன், எங்கேயோ அலைஞ்சு தவிடு தேடிக் கொண்டுவந்து ஊட்டறார், அவரைக் காப்பாத்தணும்னு அழுதார். மத்தவங்களுக்காகப் பாதிய எடுத்து ஒளிச்சு வெச்சிருக்காராம். அதான் ஓடி வந்தேன்."

உலகத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. சிஸ்டர் அங்கேதான் நின்றிருந்தாள். ஆணியைப் பிடுங்கிப் படத்தைப் பலகையிலிருந்து எடுத்தாள்.

அறைக்குள் தச்சர் எழுந்து உட்கார்ந்திருந்தார். மகள் பையைப் பிரித்தாள். வெள்ளை வெளேரென்று கோதுமை ரொட்டிகள், வெண்ணெய், வேகவைத்த முட்டைகள். அவர் தனக்கு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வாசலோடு ஒட்டிக்கொண்டு கூனிக் குறுகி நின்ற உலகத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒரு முழு ரொட்டியை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினார். என்னவோ கேட்டார்.

"வீட்ல குழந்தைங்க இருக்காங்களான்னு கேக்கறார்," என்றாள் மகள்.

இருக்கிறார்கள். மூத்தவள் காலையில்தான் முட்டை பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். உலகம் ஆமாம் என்றார். தச்சர் இன்னொரு ரொட்டியை எடுத்து, முதல் ரொட்டியின் மேல் அடுக்கினார்.

"சொல்லும்மா! இங்க எல்லாம் இருக்குன்னு சொல்லு! மாவு மூட்டை மூட்டையா இருக்கு, பால் இருக்கு, மாமிசம் இருக்கு, ஒண்ணும் தீரல, நான்தான் முட்டாள்தனமா பண்ணிட்டேன்னு அவர்கிட்ட சொல்லு!"

மகள் சொன்னாள். நீளமாக, கையை ஆட்டி, சமையலறைப் பக்கம் காட்டிச் சொன்னாள். தச்சர் பொறுமையாகக் கேட்டார். உலகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகளிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றார்?"

அவள் தயங்கினாள். "அவங்கம்மாவும் இப்படித்தான் சொல்வாங்களாம். அடுப்படியில நிறைய இருக்கு, நீ சாப்பிடுன்னு."

தச்சர் ஒரு துண்டைப் பிட்டு, வெண்ணெய் தடவி, உலகத்தின் வாயருகே கொண்டுவந்தார். உலகம் வாயைத் திறந்தார். மென்றார். அவர் விழுங்கி முடிக்கும்வரை தச்சர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கியதும் அடுத்த துண்டைப் பிட்டார்.