கருநாக்குக்காரியின் கையெழுத்து

எனக்கு வாய் ஜாஸ்திதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஷூ கம்பெனியில செக்கிங் வேலை. ஒட்டு சரியில்லாத ஜோடியைத் திருப்பி அனுப்பினா, கூடவே நாலு வார்த்தையும் போகும். அப்படித் திட்டு வாங்கின மூணு பேர் ஒரே வாரத்துல பசை ரூம்ல மயங்கி விழுந்தாங்க. போதாதா? எனக்குக் கருநாக்காம், சூனியம் வைக்கிறேனாம். பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவங்க எல்லாம் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எழுந்து போனாங்க.

கம்பெனியில என்னை விசாரணைக்கு வரச் சொன்ன அன்னைக்குக் காலையில வீடு பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில துடைப்பம் எதுலயோ இடிச்சுது. பழைய சட்டையில சுத்தின ஒரு மோட்டார், கருகிப்போய். பசை நெடியை வெளியே தள்ளுற ஃபேனோட மோட்டார். அந்த ஃபேன் கூரையோரம் வலைக்குப் பின்னால இருக்கும். மெஷின் இரைச்சல்ல ஓடுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? நெடி உள்ளேயே தங்கித்தான் அந்த மூணு பேரும் மயங்கியிருக்காங்க. என் வீட்டுக்காரர்தான் அங்க மெக்கானிக்.

"எப்ப எரிஞ்சுது?" அவரைக் கேட்டேன்.

"பத்து நாளாச்சு." தலை நிமிரல. "கிரீஸ் வைக்காம விட்டுட்டேன். யாருக்கும் தெரியாம சரி பண்ணி மாட்டிடலாம்னு பார்த்தேன்."

"ஊரே என்னைச் சூனியக்காரின்னுது. வாயைப் பொத்திக்கிட்டு நின்னீங்களே, நீங்க மனுஷனா?"

"வேலை போயிடும்டி. மன்னிப்புக் கடிதம்தான் கேட்பாங்க. ஒரு கையெழுத்துதானே, போட்டுடேன்."

பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணின ஆளு பேசற பேச்சா இது! எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துது.

"விசாரணையில நீங்களே சொல்லணும். இல்லைன்னா நான் சொல்லிடுவேன். அப்புறம் உங்களோட ஒரே வீட்டுல இருக்க மாட்டேன்."

கேன்டீன் நிறைய ஆளுங்க. மேனேஜர் காகிதத்தை நீட்டினார். என் வாக்கால்தான் தீங்கு நடந்துதுன்னு டைப் அடிச்சிருந்தது. கையெழுத்து போட்டா வேலை இருக்கும், போடலைன்னா கிடையாது.

"போட மாட்டேன் சார். செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் கொடுக்க நான் என்ன பைத்தியமா?"

கடைசி பெஞ்சுலேர்ந்து என் வீட்டுக்காரர் எழுந்தார். "அவ இல்ல சார். தப்பு என்னோடது. பசை ரூம் ஃபேன்ல மோட்டாரே இல்ல. ஏணி போட்டுப் பாருங்க."

அப்பாடான்னு இருந்துது. ஆனா ஒருத்தரும் ஏணி பக்கம் போகல. சூப்பர்வைசர் அம்மா நெஞ்சுல கை வச்சாங்க.

"பாருங்க சார், கட்டின புருஷனையே மயக்கிப் பேச வச்சுட்டா!"

ஆமாம் ஆமாம்னு கூட்டம் தலையாட்டுது. மேனேஜரும் ஆட்டறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துது.

"ஆமாம், மயக்கினேன்! இந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒரு உண்மையை வரவழைக்கப் பதினாலு வருஷமா பாடுபடறேன். இன்னைக்குத்தான் பலிச்சிருக்கு!"

காகிதத்தை நாலாக் கிழிச்சு மேஜை மேல வச்சேன். நேரா போய் ஏணியைத் தூக்கினேன். நல்ல கனம். அவர் ஓடி வந்து மறுமுனையைப் பிடிச்சார்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க"ன்னேன். "கெட்டியாப் பிடிங்க, ஏறப் போறேன்."