கண்டென்சர் தலையில் செம்புக் கம்பி

தெருவே அவனை டெஸ்டர் என்றுதான் கூப்பிடும். கரண்டு பார்க்கும் டெஸ்டர் சட்டைப் பையில் எப்போதும் குத்தியிருப்பதால் மட்டும் இல்லை, மனுஷன் எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டான். மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பான். நனைந்த பிறகும் மாடியில் யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று அண்ணாந்து பார்ப்பான்.

அப்படிப்பட்டவன் தலையில் மச்சான் வந்து விடிந்தான். பெண்டாட்டியின் தம்பி, பேர் நெட்டையன். எக்ஸ்ரே மெஷின் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தவன், கம்பெனியை மூடியதும் பெட்டியோடு அக்கா வாசலில் நின்றான். அவளுக்கோ ஆறு மாதக் கர்ப்பம். தாய் தகப்பன் இல்லாதவளுக்குப் பிறந்த வீடு என்றால் அந்தத் தம்பி ஒருத்தன்தான். "அவனயும் உங்க ரிப்பேர் கடையில சேத்துக்கங்க" என்றாள். சேர்த்துக்கொண்டான், வேறு என்ன செய்வான்!

அன்று முதல் டெஸ்டருக்கு மச்சான் மேல் ஒரு கண். மிக்ஸியும் ஃபேனும் பார்த்த கடைக்கு எக்ஸ்ரே மெஷின் வர ஆரம்பித்தது. வருகிறவர்கள் முதலாளியைத் தாண்டி எட்டிப் பார்த்து, "நெட்டை சார் இல்லையா?" என்றார்கள். சாராம் சார்! இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வாரம் வந்த மெஷினில் பெரிய கண்டென்சர் ஒன்று இருந்தது. தண்ணீர் கேன் அளவு இரும்புப் பெட்டி, மேலே பீங்கான் கழுத்தோடு இரண்டு முனைகள். உள்ளே உலோகத் தகடுகளும், நடுவில் எண்ணெயில் ஊறிய காகிதமும். ஒரு தகட்டில் நேர் மின்சுமை, எதிர்த் தகட்டில் எதிர் மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, சேர வழியில்லாமல் நிற்கும். ஒரு வழி கிடைத்தால் போதும், அது உங்கள் கையாக இருந்தாலும் சரி, பாய்ந்துவிடும். அதனால் மெஷினை நிறுத்தியதும் தரைக்குப் போகும் எர்த் கம்பி கட்டிய கோலால் முனைகளைத் தொட்டுக் காலி செய்வது வழக்கம். அதுவரை டெஸ்டருக்கும் தெரியும்.

நெட்டையன் அதோடு விட மாட்டான். காலி செய்த பிறகும் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவான்.

"காலி பண்ணியாச்சுல்ல? அப்புறம் எதுக்கு மச்சான் தாலி கட்டுற?"

"காலி பண்ணாலும் திரும்ப ஊறும் மாமா. வாளியக் கவுத்தாலும் உள்ள ஒட்டிட்டிருக்கிற ஈரத்துணி தண்ணிய விடாதில்ல? கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா அடியில கசிஞ்சு நிக்கும். அந்த மாதிரி. கம்பிய மட்டும் எடுத்துராதீங்க."

"எனக்கே காது குத்துறியா?" என்று சிரித்தான் டெஸ்டர். உள்ளே சிரிக்கவில்லை. எடுக்காதே என்று ஒருத்தன் ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கம்பியில் என்னமோ இருக்கிறது!

மறுநாள் காலை கண்டென்சரில் கரண்டு ஏற்றி வெகுநேரம் ஓட விட்டார்கள். நிறுத்தியதும் டெஸ்டரே கோலை வைத்துக் காலி செய்தான். நெட்டையன் கட்டிய கம்பியை, அவன் அந்தப் பக்கம் போனதும் பிடுங்கிக் குப்பை டப்பாவில் போட்டான். சாப்பிடப் போனான். திரும்பி வந்து கண்டென்சரை நகர்த்தப் போனவன், கை முனைகளில் பட்டு வாங்கினான் பாருங்கள் ஒரு அடி! சுவரில் போய் விழுந்தான். தோள் வரை மரத்துப்போனது.

கடையில் அதுவரை தனியாக இருந்தவன் யார்? நெட்டையன்.

"மாமா! கம்பி எங்க?" என்று ஓடி வந்தான் அவன்.

"கம்பிக் கதைய விடுடா! நான் சோத்துக்குப் போன நேரத்துல ஏத்தி வச்சிட்டு, கம்பி எங்கன்னு கேக்குறியா? என்னத் தூக்கிட்டா கடை உன்னுதுன்னு நெனச்சியா?"

நெட்டையன் முகம் சுண்டிப்போனது.  தன் துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டான்.

விஷயம் கேட்டு அக்காக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்தாள். "காலையில செஞ்சத அப்படியே செய்ங்க. நீங்களே காலி பண்ணுங்க. யாரும் கிட்ட வராம நான் பாத்துக்கறேன். அப்புறம் பேசலாம்."

"செய்யறேன். அதுல கரண்டே இருக்காது, பொணமாத்தான் கிடக்கும், பாரு. அப்ப ஒத்துக்க, ஏத்தினது உன் தம்பின்னு!"

மறுபடி ஏற்றினான், வெகுநேரம் ஓட விட்டு நிறுத்தினான், ஒயரைக் கழற்றினான், கோலை வைத்தான். படாரென்று பொறி பறந்தது. இரண்டாம் தரம் வைத்தான், சத்தமில்லை. செத்தது. அவள் முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஈ கூட அண்டவில்லை. வெயில் ஷட்டரிலிருந்து மேஜைக் கால் வரைக்கும் நகர்ந்தது.

"போதும். இப்ப ஒண்ணுமில்ல, அப்படித்தான?" என்றாள்.

"ஒண்ணுமே இல்ல."

"தொடலாமா?"

"தாராளமா!"

அவள் எழுந்து கையை நீட்டினாள். வளையல் பீங்கான் கழுத்தருகே போனது. எங்கிருந்தோ மச்சான் சொன்ன அந்த ஈரத்துணி டெஸ்டர் மண்டைக்குள் வந்து விழுந்தது. ஒரே பாய்ச்சலில் அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். மறுகையால் கோலை எட்டி எடுத்து முனையில் வைத்தான்.

படார்!

நீலமாக வெடித்தது. இருவரும் அப்படியே நின்றார்கள். அவள் முதலில் தன் கையைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள்.   தாராளமா என்று சொன்ன வாயை என்ன செய்வது?

குப்பை டப்பாவைக் கவிழ்த்துக் கம்பியைத் தேடி எடுத்தான். எந்த முனையில் தொடங்கி எப்படி முறுக்குவது என்று தெரியவில்லை. போனை எடுத்தான். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"மச்சான்…" மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தான், வாயில் வந்தது வேறு. "அந்தக் கம்பி… எப்படிக் கட்டணும்?"



"அக்கா அங்க இருக்காளா மாமா?"

"இருக்கா."

"முதல்ல அவளத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. கோல முனையில வச்சுப் பிடிச்சிருங்க, எடுக்காதீங்க. நான் வர்றேன்."

டெஸ்டர் கோலை மறுபடி முனையில் வைத்தான், எடுக்கவே இல்லை. தோள் கடுத்தது, கண்ணில் நீர் முட்டியது, துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் மச்சான் வரும்வரை அப்படியே நின்றான்.