சிப்புக்குத் தெரிந்த சூடு

அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் காரணமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தது. கத்தினால் பரவாயில்லை, கூடவே மோட்டாரையும் நிறுத்தித் தொலைக்கும். அவர் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றுவதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும். அந்த மெஷினின் போர்டை வடிவமைத்தவளோ அவருடைய மூத்த மகள். அவளுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"உன் மெஷினுக்கு என்னைவிட முன்கோபம்மா," என்றார் அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இன்னொரு தடவ சும்மா கத்துச்சுன்னா அந்த அலாரம் ஒயர நானே பிடுங்கிடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள். பிடுங்கிவிட்டு, ஒருநாள் நிஜமாகவே சூடேறி எரிந்தால்?

அவருக்கு மாற்று மெஷின் கொடுத்துவிட்டு, போர்டை ஆபீஸ் மேஜையில் போட்டுப் பார்த்தாள். அதிலிருந்த சிப்புக்குள்ளேயே சூடு பார்க்கும் சென்சார் உண்டு. எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் கத்து என்று எழுதியிருந்தாள். விரல் வைத்தால் வெதுவெதுப்புதான், திரையிலோ தொண்ணூறு. வரம்பை நூற்றுப்பத்துக்கு ஏற்றினாள். தொல்லை விட்டது என்று நினைத்தாள்.

பக்கத்து மேஜையில் சோதனை பார்க்கிற தோழி சும்மா இருப்பாளா? அதே எண்ணை இன்னொரு போர்டில் போட்டு, சூடான காற்றை ஊதினாள். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. திரையிலோ வெறும் தொண்ணூறு, போர்டு வாயே திறக்கவில்லை.

"அது ஓயாம கத்துது, இது ஊமையா கிடக்குது. ரெண்டும் ஒரே சிப்தானே?"

அப்போதுதான் பொறி தட்டியது. சென்சார் தரும் அளவை டிகிரியாக மாற்ற இரண்டு எண்கள் வேண்டும். தன் மேஜையிலிருந்த முதல் சிப்பின் எண்களையே எல்லாவற்றுக்கும் எழுதி வைத்திருந்தாள் இந்த மகராசி. ஒருத்தர் கண்ணாடியை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்ட கதை.

ஒவ்வொரு சிப்பையும் தொழிற்சாலையிலேயே ஒருமுறை சாதாரணச் சூட்டிலும் ஒருமுறை கொதிக்கிற சூட்டிலும் அளந்து, அந்த எண்களை அதற்குள்ளேயே அழியாதபடி பதித்து அனுப்புகிறார்கள். டப்பாவிலிருந்த சிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றைப் போல ஒன்று இல்லை. எல்லாம் ஒரே சிலிக்கான் தகட்டில் வெட்டியவை, விரல் நகத்தில் பாதி அளவு. அதற்குள் ஒவ்வொன்றும் தன் சூட்டைத் தானே அளக்கத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"பேய் இல்லடி, அதிசயம். இத்தனை வருஷமா கையில வச்சுக்கிட்டே பாக்காம இருந்திருக்கேன்."

இனி ஒவ்வொரு சிப்பும் தன் எண்களைத் தானே படிக்கும்படி மாற்றி எழுதினாள். எண்பத்தைந்தில் கத்தும். எழுபத்தைந்துக்கு இறங்கிய பிறகே அடங்கும், இல்லாவிட்டால் விளிம்பில் நின்று விட்டுவிட்டுக் கத்தும்.

போர்டை மாட்டி மெஷினை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். சில வாரங்கள் சத்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கத்தியது. அவள் ஓடிவந்தாள். அப்பா சிலிண்டருக்கு மாறிக்கொண்டு, ஒயரைப் பிடித்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா." மெஷினைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கொதித்தது. அப்பா உலரப் போட்ட துண்டு பின்பக்கக் காற்றுவழியை அடைத்துக் கிடந்தது.

துண்டை எடுத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். அலாரம் தானாக அடங்கியது. மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.

அப்பா ஒயரை விட்டார். "பக்கத்துலயே உக்காந்திருந்தேன், எனக்கே தெரியல. அதுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். பிறகு துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"அதுக்குத் தன் சூடு தெரியும்ப்பா," என்றாள்.