சார்ந்தோருக்கு மணிக்கு அறுநூறு

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை காலையில், குக் டவுனில் உள்ள பெல்லாமி கிளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு கட்டணப் பட்டியல் ஒட்டப்பட்டது. புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட உள்ளரங்கத் துப்பாக்கி சுடும் கூடத்தை ஒரு மணி நேரம் பயன்படுத்த உறுப்பினர் இருநூறு ரூபாய் செலுத்த வேண்டும். வெளியார் அறுநூறு ரூபாய் செலுத்த வேண்டும். சார்ந்தோரும் அறுநூறு ரூபாய் செலுத்த வேண்டும். சார்ந்தோர் என்று அந்தப் பட்டியல் குறித்தது உறுப்பினர்களின் மனைவியரையும், மணமாகாத மகள்களையும், உறுப்பினராக இருந்து இறந்தவர்களின் மனைவியரையும். கூடம் கட்டச் செலவான பதினெட்டு லட்சத்தில் பதினொரு லட்சத்தைத் திரட்டியவர்கள் அவர்கள்தாம். குறை இதுதான், இதில் மிகையாக ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பட்டியலைத் தோளில் துப்பாக்கிப் பெட்டியோடு நின்று படித்தவர் கேரல். வயது ஐம்பத்தொன்று. எலெக்ட்ரானிக் சிட்டியில் மின்சுற்றுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர். மயிரிழை அளவு விரிசலையும் கண்டுபிடித்துவிடும் கண்ணும், எட்டு மணி நேரம் நடுங்காத கையும் அவருக்கு வாய்த்திருந்தன. கணவர் க்ளென் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில், நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கான பிரிவில், அக்டோபர் மாதம் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அவர் பெயர் கொடுத்திருந்தார். முந்தைய இரு முறையும் தகுதிக் கோட்டுக்கு ஐந்து புள்ளி கீழே நின்றுவிட்டார். சந்தாபுராவுக்கு அப்பால் இருந்த தனியார் கூடத்துக்கு வாரம் ஒருமுறை போய்வந்த பயிற்சி அந்த ஐந்து புள்ளியைக் கடக்கப் போதவில்லை. வாரத்துக்குப் பத்து மணி நேரம் சுட்டால் கடக்கலாம். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கூடம் வந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்திருந்தார். இப்போது வாரத்துக்கு ஆறாயிரம் ரூபாய் என்றது பட்டியல்.

பக்கத்தில் வந்து நின்றார் பிரிஜெட். அறுபத்தாறு வயது, கிளப்பின் சீட்டாட்டக்காரர்களில் ஒருவரான டிரேவரின் மனைவி, இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஹவுசி என்னும் எண் அழைக்கும் சீட்டாட்டம் நடத்திக் கூடத்துக்குப் பணம் சேர்த்தவர்.

"கண்ணாடி கொண்டு வரல கேரல். அது அறுநூறா, அறுபதா?"

"அறுநூறு ஆன்ட்டி."

"நமக்கா?"

"நமக்கும், வைட்ஃபீல்டுல இருந்து வர்றவங்களுக்கும்."

"அப்ப நானும் வெளியாளு. நாப்பத்திரெண்டு வருஷமா இந்தக் கிளப்புக்கு மசாலா அரைச்ச வெளியாளு." பிரிஜெட் பலகையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "அரைச்சது காரம் பத்தல போல இருக்கு."

பெல்லாமி கிளப்பின் விதிப்படி, உறுப்பினராகச் சேரும் உரிமை குடும்பத்தில் ஓர் ஆணுக்கே உண்டு. மனைவி அவருடைய எண்ணைக் கொண்டு உள்ளே வருவார்; உண்பார்; ஆடுவார்; விழாக்களுக்குச் சமைப்பார். கணவர் இறந்தால், மரியாதை கருதி அவர் தொடர்ந்து வரலாம். வாக்கு மட்டும் கணவரோடு புதைக்கப்படும். இதை யாரும் கொடுமை என்று எண்ணியதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே ஆண்களுக்கு நேர்ந்ததில்லை. கூடத்துக்குப் பணம் வேண்டும் என்றபோது பொதுக்குழு நன்கொடைப் பெட்டி ஒன்றை வைத்தது. பெட்டி நிறையவில்லை. பெண்கள் ஹவுசிச் சீட்டுகளை விற்றார்கள்; மஞ்சள் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் பொட்டலம் கட்டி விற்றார்கள்; கிறிஸ்துமஸுக்கு ஒன்றரைக் குவிண்டால் கல்கலா இனிப்பு பொரித்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டபோது எவரும் அவர்களைச் சார்ந்தோர் என்று அழைக்கவில்லை.

கேரல் நேரே செயலாளர் அறைக்குப் போனார். செயலாளர் டென்சில், க்ளெனின் தம்பி.

"அண்ணி, உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"டீ எவ்வளவு, சார்ந்தோருக்கு?"

டென்சில் சிரிக்க முயன்றார். "கோச்சுக்காதீங்க. கமிட்டி டிசிஷன் அது. கரண்டு, லைட்டு, டார்கெட் மோட்டாரு, எல்லாத்துக்கும் செலவிருக்கு. வைட்ஃபீல்ட் கம்பெனி ஒண்ணு சனிக்கிழமைதோறும் முழு ரேஞ்சையும் புக் பண்றேன்னு சொல்லியிருக்கான். அறுநூறு வெச்சாதான் தாங்கும்."

"அவங்களுக்கு வையுங்க. எங்களுக்கு ஏன்?"

"ரூல் புக்ல மெம்பர்னா வோட்டு இருக்கிறவங்க. அவ்வளவுதான். அண்ணன் இருந்திருந்தா கமிட்டில எழுந்து கேட்டிருப்பாரு."

"உங்க அண்ணன் பொருட்காட்சியில பலூன்கூடச் சுட்டதில்ல. சுடறது நான். கேக்கறதும் நான்தான்."

டென்சில் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, ஒண்ணு பண்ணலாம். அண்ணன் நம்பர் இன்னும் ரெஜிஸ்டர்ல இருக்கு. உங்க பில்ல மட்டும் அதுல போட்டு இருநூறாக்கிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

கேரல் உடனே விடையளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் அவர் கண்முன் வந்து நின்றது. அந்த ஐந்து புள்ளியும் வந்து நின்றது. பிறகு அவர் பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"செத்தவர் பேர்ல நான் சுட மாட்டேன் டென்சில்."

அன்று மாலையே ஒரு பக்கக் கடிதம் எழுதினார். பிரிஜெட் உட்பட முப்பத்தெட்டுப் பெண்கள் கையொப்பமிட்டனர். தலைவர் டொமினிக் அதனை ரம்மி மேசையிலேயே வாங்கி, படிக்காமல், சாம்பல் கிண்ணத்துக்கு அடியில் வைத்தார். அவர் ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி. எவரோடும் உரக்கப் பேசாதவர். எவர் பேச்சையும் கேளாதவர்.

"வோட்டில்லாதவங்க லெட்டரை அஜெண்டால போட முடியாதும்மா. யாராவது மெம்பர் கையெழுத்து போட்டா பாக்கலாம்."

பிரிஜெட் அதே மேசையில் இருந்த தம் கணவரைப் பார்த்தார். டிரேவர் கைச்சீட்டுகளை விட்டு நிமிரவில்லை.

"பாத்தியா கேரல், ஜோக்கர் மேஜைலயே உக்காந்திருக்கு," என்றார் பிரிஜெட்.

ஆனால், கிளப்பின் நிர்வாகக் குழுவினர் ஜூன் மாதத்திலேயே ஒரு பிழை செய்திருந்தார்கள். மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: சுடுவதைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற ரேஞ்ச் ஆஃபீசர் ஒருவர் உள்ளே நின்று பதிவேட்டில் கையொப்பமிட்டாலன்றிக் கூடத்தில் ஒருவரும் சுடலாகாது. அந்தப் பயிற்சி நான்கு நாள் நடந்தது. அதே நான்கு நாள்களில் கிளப்பின் ஆண்டு ரம்மிப் போட்டியும் நடந்தது. குழுவில் இருந்த ஒன்பது ஆண்களில் ஒருவருக்கும் சீட்டை வைத்துவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. "சம்பளம் இல்லாத வேலை, வோட்டு இல்லாத ஆளே போகட்டும்" என்று டொமினிக் சொல்ல, கேரலின் பெயர் எழுதி அனுப்பப்பட்டது. கேரல் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்த் தேர்ச்சி பெற்று வந்தார். அனுமதிக் கடிதத்தில் இருந்தது அவர் பெயர் ஒன்றே.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் நாள் அந்த வைட்ஃபீல்ட் நிறுவனத்தார் இருபது பேர் வேனில் வந்து இறங்கினர். அவர்களை அழைத்துவந்தவர் ஸ்ரீஹர்ஷா என்னும் இளம் அதிகாரி. கேரல் சிவப்புக் கைப்பட்டை அணிந்து, விதிகளைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார். துப்பாக்கியின் முனை எந்நேரமும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். 'ஸ்டாப்' என்றால் அக்கணமே கீழே வைக்க வேண்டும். மீறியவர் அன்று சுடலாகாது. இந்த மூன்றும் டொமினிக்கின் கையொப்பத்தோடு சுவரிலும் தொங்கின.

முதல் சுடுதலைத் தலைவரே நிகழ்த்துவதாக ஏற்பாடு. டொமினிக் முதல் தடத்தில் நின்று, குண்டு இடப்பட்ட துப்பாக்கியை எடுத்தார். பின்னாலிருந்து யாரோ, "சார், ஒரு போட்டோ" என்றார். அவர் புன்னகையோடு திரும்பினார். துப்பாக்கியும் அவரோடு திரும்பியது. அதன் முனைக்கு எதிரே இருபது விருந்தினர் நின்றனர்.

"ஸ்டாப்," என்றார் கேரல். "முனையை இலக்குப் பக்கம் திருப்புங்க. கீழ வைங்க."

டொமினிக் வைத்தார், வைத்தபின் சிரித்தார். "ஒரு போட்டோதானேம்மா."

"இன்னைக்கு நீங்க சுட முடியாது அங்கிள். வெளிய போங்க."

டொமினிக்கின் முகம் சிவந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"யாரைப் பாத்து வெளிய போன்னு சொல்றே? உனக்கு இந்தக் கிளப்புல வோட்டே கிடையாது."

"வோட்டு கிடையாது. அறுநூறு ரூபா வெளியாளு. ஆனா இந்த ரூம்ல நான் சொல்றதுதான். நீங்களே சைன் பண்ணிச் சுவத்துல மாட்டியிருக்கீங்க, படிச்சுப் பாருங்க."

ஸ்ரீஹர்ஷா தொண்டையைச் செருமினார். "மேடம் சொல்றது கரெக்ட் சார். சும்னே வீணா ரிஸ்க் எடுக்க வேண்டாம். துப்பாக்கி எங்க பக்கம்தான் திரும்புச்சு."

டொமினிக் நகரவில்லை. விதியை மீறியவர் உள்ளே நிற்கும்போது சுடுதல் நடக்கலாகாது. கேரல் கூடத்தில் இருந்த ஐந்து துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, உள்ளே இருந்த குண்டை எடுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார். பதிவேட்டில் நடந்ததை நடந்தவாறே எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு கைப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முன்னாடி நடந்தது சேஃப்டிக்காக. இப்ப சொல்றது எனக்காக. எங்களுக்கும் மெம்பர் ரேட்டுன்னு எழுதிக் குடுத்து, எங்களுக்கும் வோட்டு குடுக்கற வரைக்கும் நான் இந்தப் பட்டையைக் கட்ட மாட்டேன். வேற ஆளைப் பயிற்சிக்கு அனுப்புங்க. அடுத்தது ஜனவரியில."

விருந்தினர் சோறுண்டு திரும்பினர். நிறுவனம் முன்பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. கூடம் பூட்டப்பட்டது. பிரிஜெட் ஹவுசியை நிறுத்தினார். சமையற்கட்டுக்குள் ஒரு பெண்ணும் நுழையவில்லை. இரண்டாவது ஞாயிறு டென்சில் வாசலில் வழிமறித்து, "ஆன்ட்டி, மெம்பர்ஸ் எல்லாம் சாப்பாடு கேக்கறாங்க" என்றார்.

"என்னா மேன் டென்சில், நான் வெளியாளு. வெளியாளு கையால சாப்பிட்டா உங்க ரூல் புக்குக்கு ஒத்துக்குமா?"

மூன்றாவது ஞாயிறு டிரேவர் யாரும் கேளாமலே சிறப்புப் பொதுக்குழு கோரும் தாளில் முதல் கையொப்பமிட்டார். வீட்டில் தமக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை.

கூடம் பூட்டியிருந்ததால், தனியார் கூடத்தில் வாரம் ஒருமுறை சுடுவதைத் தவிர, கேரலுக்கும் பயிற்சி இல்லை. பூட்டியவர் அவர், இழந்தவரும் அவர். வேலை முடிந்து, கம்பெனி வண்டியில் மேம்பாலச் சாலை கடந்து வீடு வந்ததும், வீட்டு முன்னறைச் சுவரில் கறுப்புப் புள்ளி ஒன்றை ஒட்டி, குண்டில்லாத துப்பாக்கியை ஏந்தி அரை மணி நேரம் நின்றார். விசையை அழுத்தும் விரலுக்கு அது பயிற்சி. குண்டு எங்கே போய் விழுந்திருக்கும் என்று காட்ட எதுவும் இல்லை.

செப்டம்பர் இருபத்தொன்பதாம் நாள் சிறப்புப் பொதுக்குழு கூடியது. பெண்கள் பின்வரிசையில் நின்றனர். கட்டணம் ஐந்தே நிமிடத்தில் இருநூறு ஆக்கப்பட்டது; கைதட்டினார்கள். வாக்குரிமைத் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வந்திருந்த நூற்று நாற்பத்தேழு ஆண்களில் தொண்ணூற்றெட்டுக் கைகள் உயர வேண்டியிருந்தது. எண்பத்து மூன்று உயர்ந்தன. டொமினிக் தம் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டென்சில் தம் கையைத் தோள்வரை உயர்த்தி, டொமினிக்கைப் பார்த்துவிட்டு, தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் கேரலிடம் வந்து டென்சில் கைப்பட்டையை நீட்டினார். "இருநூறாக்கியாச்சே அண்ணி. இனி என்ன? நாளைக்கே வந்து சுடுங்க. அக்டோபருக்கு இன்னும் நாளிருக்கு."

"யாரு ஆக்கினது?"

"நாங்கதான்."

"மறுபடி அறுநூறாக்கணும்னா யாரு ஆக்குவீங்க?"

டென்சில் நீட்டிய பட்டையை விரலில் சுற்றிக்கொண்டார்.

"அது உங்க கையிலயே இருக்கட்டும்," என்றார் கேரல்.

அக்டோபர் போட்டியில் அவர் தகுதிக் கோட்டுக்கு மூன்று புள்ளி கீழே நின்றார். வருந்தினார், அதை மறைக்கவும் இல்லை. கூடம் இன்னும் பூட்டியே இருக்கிறது. தீர்மானம் மார்ச்சில் மீண்டும் வருகிறது; பதினைந்து கைகள் குறைகின்றன.

இதை வாசிக்கும் உங்கள் பெயரில் ஏதேனும் ஒரு கிளப்பிலோ, சங்கத்திலோ, குடியிருப்போர் மன்றத்திலோ ஒரு வாக்கு இருக்கும். வீட்டில் உள்ள பெண்ணுக்கு அங்கே அது இருக்கிறதா என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இந்த வாரமே விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்று அதில் எழுதியிருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். கையைத் தோளோடு நிறுத்தாதீர்கள், முழுதாக உயர்த்துங்கள், எண்ணி முடிக்கும்வரை இறக்காதீர்கள்.