கொமாத்ரேயிடம் கேட்கக் கூடாத கேள்வி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, திருடியது. எங்கள் எல் ஆல்ட்டோ நகரத்துச் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் பசிலியா சோக்கேயின் வகுப்பில் உட்கார்ந்து, அவள் ஊற்றிக் கொடுத்த ஊதாச் சோளக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே திருடினேன். பணத்தை எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது என்று வியாழன்தோறும் கடையின் பின்னறையில் அவள் சொல்லித் தருகிறாள். கட்டணம் உண்டு. "ஓசியில சொன்னா நீங்கல்லாம் கேப்பீங்களாக்கும்!" என்பாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி மூடிய மலையடிவாரத்தில் ஒரு பெண் தன் விதியை...' சீ! அடித்துவிட்டேன். பசிலியாவுக்கு மலையைப் பார்க்க ஏது நேரம்?

2

அவள் செய்தது எங்கள் ஊர்க்காரிகள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. சந்தைப் பெண்களின் சீட்டில் அவள் முறை வந்து, மொத்தப் பணமும் கையில் இருந்த வாரம் நிகோலாசா வந்தாள். நிகோலாசா அவளுக்குக் கொமாத்ரே; பசிலியாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: கொமாத்ரேயிடம் ரசீது கேட்பது அவள் முகத்தில் அறைவதற்குச் சமம்.)

மாதாமாதம் லாபம் தரும் கம்பெனி ஒன்று இருக்கிறது என்றாள் நிகோலாசா. பசிலியா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சரக்கு வாங்க வைத்திருந்ததையும் சேர்த்துக் கொடுத்தாள். கம்பெனிக்காரன் கம்பி நீட்டினான். நிகோலாசாவின் பணமும் அதோடு போயிற்று. பிறகு சந்தையில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பசிலியா அழுதாள். அதை விட்டுவிட்டால் கதை பொய்யாகிவிடும். அழுது முடித்ததும் வங்கி வங்கியாக ஏறி இறங்கினாள். வட்டி என்றால் என்ன, பங்கு என்றால் என்ன என்று காவலாளியைக்கூட விடாமல் துளைத்தாள். தான் ஏமாந்ததை, நிகோலாசாவின் பேரை மட்டும் மறைத்து, பக்கத்துக் கடைக்காரிகளிடம் சொல்லத் தொடங்கினாள். அதுவே வகுப்பாயிற்று. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது, சத்தியமாக.

3

அலசித்தா திருவிழாவில் விற்கிற குட்டிக்குட்டிப் பொம்மை நோட்டுகளை, நிஜப்பணம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நாங்கள் வீட்டில் வைப்போம். பசிலியா அவற்றை வைத்துப் பாடம் நடத்துகிறாள். ஒருத்தி கொமாத்ரேயாக நடித்துப் பணம் கேட்டுக் கெஞ்ச வேண்டும். மற்றவள் நோட்டைக் கொடுக்குமுன் கேட்க வேண்டும்: "இந்தப் பணம் எங்க போய் சம்பாதிக்குது? நான் நினைச்சப்ப வெளிய எடுக்கலாமா? யாரு கையெழுத்துப் போடுறது?"

என் முறை வந்தபோது நெளிந்துகொண்டே, ஒன்றும் கேட்காமல் நோட்டை நீட்டிவிட்டேன்.

"ஏண்டி, பொம்மை நோட்டுக்கே இப்படி நெளியிறியே, நிஜ நோட்டுன்னா தாம்பாளத்துல வச்சுக் கொடுப்பியா?" என்று என்னை வாட்டி எடுத்தாள்.

[இங்கே ஒரு சந்தேகம். பசிலியா ரொம்ப நல்லவளாக வருகிறாளோ? சரி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் அளப்பாள்.]

4

போன வியாழன், வகுப்பு நடக்கும்போது, வாசலில் நிகோலாசா வந்து நின்றாள்.

"கொமாத்ரே, மினி பஸ் ஒண்ணு வாங்கப்போறேன். பாதிப் பணத்துக்கு ஆள் வேணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

வாயை மூடிக்கொண்டு கொடுத்தால் வகுப்பு போச்சு. மறுத்தால் கொமாத்ரே போச்சு, இந்தத் தடவை ஒரேயடியாக.

முடிவு அ: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: பசிலியா கதவை அறைந்து சாத்துகிறாள், எல்லோரும் கைதட்ட... இல்லை. அவளைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

நடந்தது இதுதான். பசிலியா ஒரு குவளைக் கஞ்சியை ஊற்றி நிகோலாசா கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள். இத்தனை பேருக்குச் சொல்லித் தந்தவள், தன் கொமாத்ரேயிடம் தானே கேட்டது அதுதான் முதல் தடவை.

"பஸ் எந்த ரூட்ல ஓடி சம்பாதிக்கும்? வேணாம்னா என் பங்கை எப்ப எடுக்கலாம்? கையெழுத்து... கையெழுத்து யாரு போடுறது, கொமாத்ரே?"

நிகோலாசா குவளையைக் கீழே வைத்தாள்.

"பாவி, இதை அன்னைக்கே கேட்டிருக்கக் கூடாதாடி? நீ கேட்டிருந்தா, எனக்கும் ஒண்ணும் தெரியலைங்கறது அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

பசிலியா அவளுக்கு ஒரு நாற்காலியைத் தன் எதிரில் இழுத்துப் போட்டாள்.

5

பசிலியா பணம் போட்டாளா? அதையும் கடைசிப் பக்கத்தில் எழுதித்தான் வைத்திருந்தேன். நேற்று கதையை அவளிடம் படித்துக் காட்டினேன். துணியை மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"ஏ எழுத்துக்காரி, என்னையும் அவளையும் உன் கதையில போட்டிருக்கே. அதுல எங்களுக்கு என்ன வரும்? கையெழுத்து உன்னோடது, சரி. நாங்க நினைச்சப்ப வெளிய வரலாமா?"

நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன்.

"அப்ப இப்பவே வெளிய வந்துட்டோம், போ."

கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஆகவே, இரண்டு நாற்காலியும் இப்போது காலி. ஒன்றில் நீங்கள் உட்காருங்கள். எதிரில் வந்து உட்காரப்போவது யாரென்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.